எட்டாத பந்துக்குக் கணக்கில்லை

புக் கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும், அந்த ஆட்டத்தில் ஃபீல்டர் என்று ஒருவன் கிடையாது. பாடப்புத்தகத்தைப் படக்கென்று திறக்க வேண்டும். பக்க எண்ணின் கடைசி இலக்கம் நான்கு என்றால் பவுண்டரி, பூஜ்யம் என்றால் அவுட். பந்து எங்கே போனது, யார் துரத்தினார், யார் கோட்டை விட்டார் என்ற பேச்சே கிடையாது. பேட்ஸ்மேனும் விதியும் மட்டும்தான் ஆடுவார்கள்.

அமெரிக்கச் சிறுவர்களுக்குக் கிடைத்த பேஸ்பால் ஆட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. மேஜர் லீக்கில் 13 சீசன் ஆடிய ஈத்தன் ஆலன் என்பவர் வடிவமைத்த 'ஆல்-ஸ்டார் பேஸ்பால்' 1941-ல் கடைக்கு வந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வட்டத்தட்டு. தட்டின் விளிம்பு ஹோம்ரன், ஸ்ட்ரைக்அவுட் என்று பங்கு போடப்பட்டிருக்கும். நிஜத்தில் அதிகம் ஹோம்ரன் அடித்தவருக்கு அந்தப் பங்கு அகலம். முள்ளைச் சுண்டிவிட்டால் எங்கே நிற்கிறதோ அதுதான் முடிவு. ஆலன் தானே அவுட்ஃபீல்டராக இருந்தவர், ஓடி ஓடிப் பந்து பிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஆனாலும் அவர் செய்த ஆட்டத்தில் பந்து பிடிப்பவனுக்கு வேலையே இல்லை. இதை நான் அவர் குறையாகச் சொல்லவில்லை. அடித்ததை எண்ணலாம், பிடித்ததையும் எண்ணலாம். பிடித்திருக்க வேண்டியதை எப்படி எண்ணுவது?

அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் சொல்லியே தீர வேண்டிய நிலைமைக்கு அடுத்து வந்த இரண்டு ஆட்டங்களும் தள்ளப்பட்டன. இரண்டிலும் பழைய சீசன்களைக் கணினிப் பதிப்பில் ஆடிக்கொண்டிருப்பவன் நான். அவற்றின் அட்டைகளில் இருக்கும் எண்களில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஃபீல்டிங் எண்தான். மற்றதெல்லாம் கணக்கு, இது மட்டும் தீர்ப்பு.

முதலாவது, பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ரிச்சர்ட் சைட்ஸ் 1951-ல் விற்கத் தொடங்கிய ஆப்பா. இரண்டு பகடை, 11 முதல் 66 வரை 36 முடிவுகள். இதில் ஒவ்வொருவருக்கும் ஃபீல்டிங் புள்ளி உண்டு. ஷார்ட்ஸ்டாப்புக்கு 6 முதல் 10 வரை, அவுட்ஃபீல்டருக்கு 1 முதல் 3 வரை. களத்தில் நிற்கும் ஒன்பது பேரின் புள்ளிகளையும் கூட்ட வேண்டும். 41-ஐத் தொட்டால் முதல்தர அணி, அதற்குக் கீழே இரண்டாம் தரம், மூன்றாம் தரம். யோசித்துப் பாருங்கள், இது குடும்ப ரேஷன் கார்டு மாதிரி. ஷார்ட்ஸ்டாப் அபாரமானவராக இருந்தால் அவர் புள்ளியில் லெஃப்ட் ஃபீல்டில் தூங்குகிறவரும் பிழைத்துக்கொள்வார். பந்து யாரிடம் போனது என்பதைவிட வீட்டின் மொத்த வருமானம்தான் முக்கியம்.

இரண்டாவது ஆட்டம் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். நியூயார்க்கின் கிரேட் நெக்கில் வளர்ந்த ஹால் ரிச்மன் 11 வயதில் பகடைகளை உருட்டிப் பார்த்துத் தொடங்கியது. 1961-ல் 80 ஆட்டக்காரர்களின் அட்டைகளோடு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பேட்டருக்கு ஓர் அட்டை, பிட்சருக்கு ஓர் அட்டை, மூன்று பகடை. ஒரு பகடை எந்த அட்டையில் எந்தப் பத்தியைப் பார்ப்பது என்று சொல்லும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். ரிச்மனின் சாமர்த்தியம் பிட்சர் அட்டையில் இருக்கிறது. அதிலுள்ள 108 வாய்ப்புகளில் 30 இடங்களில் முடிவே எழுதியிருக்காது. யாரிடம் பந்து போனது என்று மட்டும் இருக்கும். ஷார்ட்ஸ்டாப்புக்கு 7, செகண்ட் பேஸுக்கு 6, சென்டர் ஃபீல்டுக்கு 3 என்று நிஜத்தில் பந்து போகும் விகிதத்தில் பிரித்திருப்பார்கள். அங்கே விழுந்தால் இன்னொரு எண்ணை எடுத்து (இன்றைக்கு 20 முகப் பகடை), அந்த ஆட்டக்காரரின் ஃபீல்டிங் எண்ணோடு சேர்த்து அட்டவணையைப் பார்க்க வேண்டும். 1 என்றால் உன்னதம், 5 என்றால் கடவுள் காப்பாற்றட்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? நாமே கணக்குப் போடலாம். பேட்டர் அட்டையும் சேர்த்து மொத்தம் 216 வாய்ப்பு. அதில் ஷார்ட்ஸ்டாப்பின் சோதனை 7. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 38 பேட்டர்களைச் சந்திக்கிறது என்று வைத்தால், ஆட்டத்துக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம், 162 ஆட்டங்களில் சுமார் 200 முறை. அவர் எண் 1 என்றால் அந்த இருநூறில் மிகச் சிலவே ஹிட்டாக மாறும். 4 என்றால் கணிசமாக மாறும். ஒரே ஒரு இலக்கம், சீசன் முழுக்க எதிரணிக்குத் தானம் பண்ணிக்கொண்டே இருக்கும். அதனால்தான் புதிய எண்கள் வெளியானதும் 'எங்காளுக்கு எப்படிடா 3 போடலாம்' என்று சண்டை வருகிறது. நம்மூர் டிரம்ப் கார்டில் அச்சடித்த எண்ணை யாரும் கேள்வி கேட்டதில்லை. இவர்கள் கேட்கிறார்கள்.

சரி, அந்த எண்ணை எதை வைத்துப் போடுவது? பேஸ்பால் பதிவேட்டில் ஃபீல்டருக்கு மூன்றே மூன்று கணக்குதான் பல பத்தாண்டுகளாக இருந்தன. நேரடியாக அவுட் செய்தது, அவுட்டுக்கு உதவியது, எரர். இந்தப் பதிவுமுறையை வளர்த்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸெடரில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் நிருபராக இருந்து, பிறகு பேஸ்பால் பக்கம் வந்தவர். ஸ்கோர்கார்டு போடும் புத்தியைக் கிரிக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனவர் என்றே சொல்லலாம். கூடவே கிரிக்கெட் ஸ்கோர்கார்டின் குருட்டுத்தனமும் போய்விட்டது. ஜான்டி ரோட்ஸ் பாயிண்டில் பாய்ந்து தடுத்த பவுண்டரிகள் எந்த ஸ்கோர்கார்டில் இருக்கின்றன?

எரர் என்பது அளவீடு இல்லை, அபிப்பிராயம். 'சாதாரண முயற்சியில் அவுட் ஆக்கியிருக்கலாம்' என்று ஸ்கோரர் நினைத்தால் எரர், இல்லையென்றால் ஹிட். பல பத்தாண்டுகள் அந்த ஸ்கோரர் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர்தான். அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஷார்ட்ஸ்டாப்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் 500 பந்துகளை எட்டி, 25-ஐத் தவறவிடுகிறார். இரண்டாமவர் 420 பந்துகளை மட்டுமே எட்டி, 12-ஐத் தவறவிடுகிறார். ஃபீல்டிங் சராசரி முதலாமவருக்கு .950, இரண்டாமவருக்கு .971. பத்திரிகை இரண்டாமவரைப் பாராட்டும். ஆனால் முதலாமவர் 475 அவுட் தந்திருக்கிறார், இரண்டாமவர் 408. எட்டவே எட்டாத பந்துக்கு யாரும் எரர் எழுத மாட்டார்கள். ஓடாதவனுக்குக் கால் இடறாது என்பதை ஒரு புள்ளிவிவரமாகவே ஆக்கி வைத்திருந்தார்கள்.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் செய்த நல்ல காரியம், இந்த இரண்டையும் பிரித்தது. விரிவான பதிப்பில் ஷார்ட்ஸ்டாப்பின் அட்டையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று வீச்சுக்கு, இன்னொன்று எரருக்கு. எவ்வளவு தூரம் எட்டுவார் என்பது வேறு, எட்டியதைக் கையில் நிறுத்துவாரா என்பது வேறு. எரர் எண்ணைப் பதிவேட்டிலிருந்து கணக்காக எடுத்துவிடலாம். வீச்சு எண்ணுக்குப் பதிவேடு உதவாது. பத்திரிகைச் செய்தி, நிருபர்களின் பேச்சு, பார்த்தவர்களின் நினைவு, பெற்ற விருது, இவற்றைக் கலந்துதான் போட வேண்டியிருந்தது. ஆட்டத்தின் மிக முக்கியமான இலக்கம் செவிவழிச் செய்தியில் நின்றது.

செவிவழிச் செய்தி எவ்வளவு தூரம் பிசகும் என்பதற்கு 1999 போதும். சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது 1957-லிருந்து கொடுக்கப்படுகிறது. மேலாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், ஆட்டத்தை அணு அணுவாக அறிந்தவர்கள். 1999-ல் அமெரிக்கன் லீக்கின் ஃபர்ஸ்ட் பேஸ் விருதை ரஃபேல் பல்மேய்ரோவுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அவர் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றது 28 ஆட்டங்கள். மீதி ஆட்டங்களில் பெரும்பாலும் ஃபீல்டிங்கே செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்தார். முந்தைய இரண்டு ஆண்டுகளும் அவர்தான் வாங்கியிருந்தார், சரி, இந்த வருஷமும் அவரே இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்கள் போல. நிபுணர்களின் வாக்கு என்பது பல சமயம் போன வருஷத்து வாக்கின் நகல்தான்.

பதிவேட்டைத் திருத்தும் முயற்சி அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கான்சாஸின் லாரன்ஸில் பன்றியிறைச்சியும் பீன்ஸும் டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றில் இரவுக் காவலாளியாக இருந்த பில் ஜேம்ஸ், 1970-களில் ஒரு எளிய கேள்வி கேட்டார். சதவீதத்தை விடுங்கள், ஓர் ஆட்டத்துக்கு எத்தனை அவுட்டில் இவர் கை இருந்தது? எட்டியவனுக்கு முதல் முறையாகக் கூலி கிடைத்தது. இதிலும் ஓட்டை உண்டு. பிட்சர் நிறைய ஸ்ட்ரைக்அவுட் எடுப்பவராக இருந்தால் ஷார்ட்ஸ்டாப்பிடம் பந்தே வராது. அதை அடைக்க, 1980-களில் ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று தன்னார்வலர்கள் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். களத்தை மண்டலங்களாகப் பிரித்து, உன் மண்டலத்துக்கு வந்ததில் எத்தனையை அவுட்டாக்கினாய் என்று கேட்டார்கள். ஜான் டூயன் 2006-ல் வெளியிட்ட 'தி ஃபீல்டிங் பைபிள்' அந்த வழியின் ஒரு மைல்கல்.

அந்தப் புத்தகத்தில்தான் பில் ஜேம்ஸ் டெரெக் ஜீட்டரையும் ஆடம் எவரெட்டையும் ஒப்பிட்டு எழுதினார். ஜீட்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, நியூயார்க் யாங்கீஸின் முகம். 2001 பிளேஆஃப் ஆட்டத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துக்கு ஓடிவந்து பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டு ஓக்லண்டின் ரன்னரை அவுட்டாக்கியவர். 2004 ஜூலையில் பந்தைப் பிடித்த வேகத்தில் பார்வையாளர் இருக்கைகளுக்குள் பாய்ந்து முகத்தில் ரத்தத்தோடு எழுந்தவர். எவரெட் ஹூஸ்டன் அணிக்காரர், பேட்டிங் சுமார், விளம்பரத்தில் வரும் முகம் இல்லை. டூயனின் கணக்கு, ஷார்ட்ஸ்டாப்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் எவரெட் என்றும் மிக மோசமானவர்களில் ஒருவர் ஜீட்டர் என்றும் சொன்னது. ஜேம்ஸ் நம்பாமல் வீடியோக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். கணக்கு சரிதான் என்று முடித்தார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கோல்ட் க்ளவ் மறுபடி ஜீட்டருக்குப் போனது. மொத்தம் ஐந்து முறை வாங்கினார். எவரெட் ஒருமுறைகூட வாங்கவில்லை.

ஜீட்டரைத் திட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அவர் பாய்ந்தது உண்மை, ரத்தம் உண்மை. பிரச்சினை நம் கண்ணுடையது. கடைசி நொடியில் பாய்ந்து பிடிப்பவனைத்தான் நாம் பார்க்கிறோம். பந்து கிளம்பும்போதே இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, தேமே என்று வாங்கி வீசுகிறவனைப் பார்ப்பதில்லை. நன்றாகச் செய்யப்பட்ட வேலை சுலபமான வேலை போலத் தெரிகிறது. வீட்டு வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2015 முதல் மேஜர் லீக்கின் 30 மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் வந்துவிட்டது. 2020-லிருந்து அதன் கண், நாம் எல்.பி.டபிள்யூ. முறையீட்டில் பார்க்கிற அதே ஹாக்-ஐ. பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது, ஃபீல்டர் எத்தனை அடி ஓடினார், இதைப் பிடிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம், எல்லாம் கிடைக்கும். கோல்ட் க்ளவ்வும் 2013-லிருந்து புள்ளிவிவரங்களுக்குக் கால் பங்கு இடம் கொடுத்துவிட்டது. இன்றைய ஆட்டக்காரருக்கு அட்டை தயாரிப்பவருக்குச் சாக்குச் சொல்ல அதிகம் இடமில்லை. ஆனால் கேமரா பின்னோக்கிப் பார்க்காது. ஜீட்டர் கடைசியாக ஆடியது 2014-ல். ஓர் ஆண்டு இடைவெளியில் அவரே தப்பித்துவிட்டார் என்றால், 1920-களில் ஆடியவர்களை என்ன செய்வது?

இங்கேதான் இந்த அட்டை விவகாரம் எனக்கு விளையாட்டாகப் படாமல் போகிறது.

2009-ல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் நீக்ரோ லீக்குகளின் ஆட்டக்காரர்கள் 103 பேருக்கு அட்டை வெளியிட்டது. பழைய செய்தித்தாள்களைத் துழாவி ஸ்காட் சிம்கஸ் செய்த ஆய்வு அதற்கு அடிப்படை. 1947-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் களம் இறங்கும்வரை ஒரு முழு நிறத்தாரையே வெளியே நிறுத்திவைத்திருந்த ஆட்டம் அது. வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று லீக் நடத்திக்கொண்டார்கள். அந்த லீக்குகளை மேஜர் லீக்காக அதிகாரபூர்வமாக ஏற்றது 2020 டிசம்பரில். புள்ளிவிவரங்களைச் சேர்த்தது 2024 மே மாதம். டை காபின் .367-ஐத் தாண்டி ஜாஷ் கிப்சனின் .372 முதலிடத்துக்கு வந்தது அப்போதுதான், பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. கிடைத்த பதிவுகள் முக்கால் பங்கு என்கிறார்கள். அந்த லீக்குகளை அதிகாரபூர்வமாக ஏற்பதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பகடை ஆட்டம் அவர்களை பேப் ரூத்தோடு ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டது.

ஆனால் .372 என்பது பேட்டிங். ஃபீல்டிங் என்ன ஆனது? வெள்ளையர் லீக்கின் பழைய ஷார்ட்ஸ்டாப்புக்கு அந்த மூன்று குருட்டுக் கணக்காவது சீசன் முழுக்க இருக்கிறது. கறுப்பின லீக்குகளின் ஆட்டச் சுருக்கங்களில் பல அரைகுறையானவை, சில ஆட்டங்களுக்கு ஸ்கோர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியவை கதைகள். ஆஸ்கர் சார்ல்ஸ்டன் சென்டர் ஃபீல்டில், செகண்ட் பேஸுக்கு மிக நெருக்கமாக வந்து நிற்பாராம். தலைக்கு மேல் அடித்தால் திரும்பி ஓடிப் பிடித்துவிடலாம் என்ற திமிர். ஜான் ஹென்றி லாய்டுக்குக் கியூபாவில் 'கரண்டி' என்று பட்டப்பெயர். ஷார்ட்ஸ்டாப்பில் குனிந்து பந்தை அள்ளும்போது மண்ணையும் சேர்த்து அள்ளிவிடுவாராம். இப்போது இந்தக் கரண்டியை 1 முதல் 5-க்குள் மாற்றுங்கள்.

ஆதாரம் இல்லாதபோது நடுவில் 3 போட்டுவிடுவதுதான் நேர்மை என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே நிற்கும் வெள்ளையர் அணியின் எண்கள் எங்கிருந்து வந்தன? அவர்களுக்கும் வீச்சுக்குப் பதிவேடு இல்லையே. நிருபர் எழுதியதும் சக ஆட்டக்காரர் சொன்னதும்தான் அங்கேயும் 1 ஆனது. அந்த வாய்மொழி ஊரறிந்த நாளிதழில் அச்சானது என்பதால் ஆதாரம், இந்த வாய்மொழி கறுப்பர்களின் வாரப் பத்திரிகையிலும் கியூபக்காரர்களின் பட்டப்பெயரிலும் தங்கியது என்பதால் கதை. 3 என்பது நடுநிலை எண் அல்ல. பதிவு செய்யாமல் விட்டவன் குற்றத்துக்குப் பதிவாகாமல் போனவன் கட்டும் அபராதம் அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பல்மேய்ரோவுக்கும் ஜீட்டருக்கும் சாட்சி சொன்னவர்களும் கண்ணால் பார்த்தவர்கள்தான். அவர்களை நம்ப மாட்டேன், சார்ல்ஸ்டனைப் பார்த்தவர்களை மட்டும் நம்புவேன் என்று நான் சொன்னால் யார் ஏற்பார்கள்? என் பதில் இதுதான். ஜீட்டரின் புகழுக்குத் தொலைக்காட்சியும் நியூயார்க்கும் முட்டுக்கொடுத்தன. சார்ல்ஸ்டன் நெருங்கி நின்றார் என்பது புகழ்ச்சி இல்லை, நின்ற இடம் பற்றிய தகவல். தலைக்கு மேல் போன பந்துகளைப் பிடிக்காமல் ஒரு சென்டர் ஃபீல்டர் வருஷக்கணக்கில் அங்கே நிற்க முடியாது. இரண்டாம் வாரமே மேலாளர் பின்னால் தள்ளி நிறுத்தியிருப்பார். மண்ணை அள்ளியதும் அப்படித்தான். 'அபாரம்', 'மின்னல்' போன்ற சொற்களைத் தள்ளிவிடலாம். எங்கே நின்றார், கை எப்படிப் போனது என்று சொல்லும் சாட்சியம் கணக்குக்கு நெருங்கிய சொந்தம்.

அட்டை போடும் வேலையை என்னிடம் கொடுத்தால், லாய்டுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் வீச்சில் தயங்காமல் 1 போடுவேன். திணறுவது இரண்டாவது எண்ணில், எரரில். விசித்திரம்தான், பதிவேட்டிலிருந்து சுலபமாக எடுக்கக்கூடியது என்று சொன்னேனே, அதே எண். மிஞ்சிய ஆட்டச் சுருக்கங்களில் இருக்கும் எரர்களைக் கூட்டி ஒரு விகிதம் போட முடியும். ஆனால் அந்த ஆட்டங்கள் எங்கே நடந்தன? சில, சிகாகோவின் கமிஸ்கி பார்க் போல வாடகைக்கு எடுத்த நல்ல மைதானங்களில். பல, பஸ்ஸில் இரவெல்லாம் வந்து இறங்கிய சிற்றூர்களின் மேடுபள்ளத் தரையில். கையுறையும் இன்றைய கையுறை அல்ல. விரல்களுக்கிடையே வலை பின்னிய மாடலே 1920 வாக்கில்தான் வந்தது, லாய்டின் நல்ல காலம் பாதிக்கு மேல் அதற்கு முன்பே போய்விட்டது. கல்லில் பட்டுத் தெறித்த பந்துக்கு ஸ்கோரர் எழுதிய எரர், ஆட்டக்காரருடையதா, தரையுடையதா? ஒரே மைதானத்தில் எதிரணி ஷார்ட்ஸ்டாப் செய்த எரர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் பிரித்தெடுக்கலாம். அதற்கு இரண்டு அணிகளின் சுருக்கமும் முழுதாக வேண்டும். நூலகங்களின் மைக்ரோஃபிலிம் சுருள்களில் அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆட்டம் ஆட்டமாக.